எதைவிட அதிகம்?

திங்கள், ஜூலை 7

எழுந்ததும் முதல் வேலை, பக்கத்து வீட்டு முருங்கை மரத்திலிருந்து அவருடைய வேட்டியை மீட்டது. ஆனிக் காற்று. ராத்திரி முழுக்க மொட்டைமாடித் தகரம் தடதடவென்று. கிளிப் போட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டம்மா கழியால் தட்டிவிட்டுக்கொண்டே, "ஒங்க வீட்டுக்காரரு எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு, அவரு வேட்டி மட்டும் தெனமும் வந்துருது" என்றார்.

மலை தெரியவில்லை. முழுக்க மேகம். போடிமெட்டில் நல்ல மழையாம், பால்காரர் சொன்னார். இங்கே ஒரு சொட்டு இல்லை. வாசல் தெளித்தால் தெளித்த இடத்தில் தூசி வந்து உட்காருகிறது.

காப்பி. பிறகு மெயில். கட்டுரைக்கு மதிப்பாய்வு வந்துவிட்டது!

படித்து முடிப்பதற்குள் மல்லிகாவின் போன். 

"பாத்தியாடி சாந்தா? ரிஜெக்ட் இல்ல! திருத்தம்தான் கேட்டுருக்காங்க."

"ரெண்டாவது ஆள் கேட்டதப் படிச்சியா?"

"படிச்சேன், படிச்சேன். மெத்தட்ஸ்ல நாலு வரி சேக்கணும், அவ்வளவுதான? எல்லாரும் எழுதுற மாதிரி எழுதிக் குடு. அடுத்த செவ்வாக்கெழம கடைசி நாளு."

எம்.எஸ்ஸி. படித்த காலத்திலிருந்து இவள் இப்படித்தான். பரீட்சைத் தாளை வாங்கியதும் 'ஈஸிடி' என்பாள். இப்போது மதுரையில் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வகம். அவளுக்கு வேண்டிய மரபணுக் கணக்கை எல்லாம் நான் இங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்து அனுப்புகிறேன்.

போன மழையில் மலைமேல் எங்கள் மேல்தோட்டத்தில் ஏலச்செடிகள் தூர் தூராக அழுகின. நடுநடுவே சில தூர்கள் மட்டும் அசையாமல் நின்றன. ஏன் என்று நான்தான் மல்லிகாவிடம் (இனி ம. போதும்) கேட்டேன். ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டாள். நின்றதற்கு நீல நாடா, அழுகத் தொடங்கியதற்குச் சிவப்பு. இரண்டிலும் கிழங்கு நறுக்கி எடுத்துப் போனாள். நீல நாடாச் செடிகளில் கூடுதலாக வேலை செய்கிற மரபணுக்கள் ஒரு பட்டியலாக வந்தன. அந்தப் பட்டியலில் எந்த வேலைக்கான மரபணுக்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்று பார்ப்பதுதான் என்ரிச்மென்ட். பார்த்ததில் நோய் எதிர்ப்பு உச்சியில் நின்றது. கட்டுரைத் தலைப்பிலேயே அது இருக்கிறது.

இரண்டாவது மதிப்பாய்வாளர் கேட்டிருப்பது இது: 'எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்கிறீர்கள். எதைவிட? பின்புலமாக எந்த மரபணுக்களை வைத்தீர்கள்? எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, பல சோதனைத் திருத்தம் உண்டா?' 

எங்கள் முறைப் பகுதியில் (ம. சொன்ன மெத்தட்ஸ்) இந்த என்ரிச்மென்ட் பற்றி உள்ளது ஒரே வரி. பாதை ஆய்வு செய்யப்பட்டது.

செய்யப்பட்டது! யாரால், எப்படி, எதை வைத்து. செயப்பாட்டு வினை எவ்வளவு வசதி.

இந்தக் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ம.வின் ப்ராஜெக்ட் நீளும். அதை நம்பி இரண்டு பெண்கள் வேலையில் இருக்கிறார்கள். எனக்கு? ஆசிரியர் வரிசையில் இரண்டாவது பெயர். கல்யாணத்துக்கு அப்புறம் என் பெயர் அச்சில் வந்ததெல்லாம் காதுகுத்து அழைப்பிதழ்களில்தான். அதுவும் அவர் பெயருக்குப் பின்னால்.

வாங்க வேண்டியது: கிளிப் (கனமானது), உளுந்து, பிரிண்டருக்கு மை.

செவ்வாய், ஜூலை 8

காற்று அப்படியே.

'எல்லாரும் எழுதுற மாதிரி.' சரி, எல்லாரும் எப்படி எழுதுகிறார்கள்? உட்கார்ந்து படித்தேன். செடிகள், எலிகள், புற்றுநோய், மீன் என்று எது கிடைத்ததோ அது. முடிவு எதையும் படிக்கவில்லை. முறைப் பகுதி மட்டும். வீட்டுக்கு வந்து முற்றத்தைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குள் போகிற மாதிரி.

கருவியின் பெயர் மட்டும் சொல்லி, பதிப்பு சொல்லாதவை அனேகம். 
பெயரும் இல்லாமல், இணையத்தில் கிடைக்கும் மென்பொருள் என்று ஒன்று. எந்த இணையம், யார் வீட்டு இணையம்?
பின்புலம் பற்றிப் பேச்சே கிடையாது, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும்.
'முன்பு விவரித்தபடி' என்று ஒன்று. அந்த முன்பைத் தேடி எடுத்தால், அது இன்னொரு முன்பைக் காட்டுகிறது. அதையும் எடுத்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டிவிட்டு நிற்கிறார்கள். வெண்டைக்காய் கருகியது இந்த நேரத்தில்தான்.

ஒரே ஒரு கட்டுரை. அந்தத் திசுவில் கண்டறியப்பட்ட மரபணுக்களை மட்டும் பின்புலமாக வைத்தோம், பட்டியல் இணைப்பில் உள்ளது, தரவுத்தளத்தை இறக்கிய நாள் இது என்று எல்லாம். எழுதிய ஆளைப் போய்ப் பார்த்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை. முதலெழுத்து மட்டும் போட்டிருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், இவர்கள் யாரும் மறைக்கிறவர்கள் மாதிரி இல்லை. இதே கட்டுரைகளில் திசுவை எந்தக் குளிரில் வைத்தார்கள், எவ்வளவு வேகத்தில் சுழற்றினார்கள், குழாய் எந்தக் கம்பெனி, எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. கணினி வந்ததும் ஒரு வரி. ஏன்? 

கையால் செய்வது வேலை மாதிரி இருக்கிறது. பொத்தானை அழுத்துவது வேலை மாதிரி இல்லை. அதனாலா? குழாயில் ஊற்றும்போது 'இவ்வளவு ஊற்றலாம்' என்று நாம் முடிவு செய்கிறோம். திரையில் ஒரு பெட்டியைக் காலியாக விடும்போது எதையும் முடிவு செய்ததாகவே தோன்றுவதில்லை. யோசிக்க வேண்டும்.

அல்லது சிலமலைக்கு வழி கேட்டால் 'இந்தா பக்கத்துலதான்' என்பார்களே, அதுவா. சொல்கிறவருக்குப் பக்கம்தான்.

சாயங்காலம் கொழுந்தன் சரவணன் வந்தான். வாசலிலிருந்தே சத்தம். 

"மதினி! பேப்பரு பாஸாயிருச்சாமே, அண்ணே சொல்லுச்சு."

"இன்னும் இல்ல தம்பி. திருத்தம் கேட்டுருக்காங்க."

"அதெல்லாம் சும்மா ஒரு இதுக்குக் கேப்பாங்க. நீல ரிப்பன் செடிதான் எதிர்ப்புச் செடின்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சுல்ல. நான் ஆளுக கிட்டச் சொல்லிட்டேன். இந்த மழையிலயே அந்தத் தூரப் பிரிச்சுக் கீழ்த்தோட்டம் பூரா நட்டுருவோம். இருக்குறதப் புடுங்கிருவோம்."

"பொறுங்க. அவசரப்படாதீக."

"மழை பொறுக்குமா மதினி?"

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு எப்போதும் ஜீப் வாசலில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தலைப்பு இன்னும் வெளியே போகவில்லை. அதற்குள் கீழ்த்தோட்டத்தில் குழி வெட்டப் போகிறார்கள்.

புதன், ஜூலை 9

லேசான தூறல். துணி உள்ளேயே. வீடு முழுக்க ஈர வாடை.

கணக்கைத் திரும்ப ஓட்டினேன். மற்ற கணக்கெல்லாம் நான், இந்த ஒன்றை மட்டும் முதலில் ஓட்டியது ம.வின் மாணவி. அவள் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நல்ல பெண், கருவியின் அமைப்புப் பக்கத்தைப் படமாக எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதில் பார்த்து ஒவ்வொன்றாக வைத்தேன். ஏலத்துக்கு அந்தக் கருவியில் இடம் இல்லை, அதனால் எங்கள் மரபணுக்களை நெல்லோடு பொருத்தி நெல் பெயரில் கொடுத்திருக்கிறோம். அது சரி. எல்லாரும் அப்படித்தான்.

படம் அப்படியே வந்தது! நோய் எதிர்ப்பு உச்சியில். ஒரு புள்ளிகூட மாறவில்லை. எழுந்து போய் இரண்டு முறுக்கு எடுத்துவந்து தின்றேன். யாரோ செய்ததை இன்னொருவர் வேறு வீட்டில், வேறு நாளில் செய்து அதுவே வருவது எனக்கு எப்போதும் ஒரு அதிசயம்.

பின்புலப் பெட்டி காலி. காலியாக விட்டால் கருவி தானாக நெல்லின் மொத்த மரபணுக்களையும் பின்புலமாக எடுத்துக்கொள்ளும். அதாவது இலை, பூ, கதிர், வேர் என்று எங்கெங்கோ வேலை செய்கிற எல்லாம். நாங்கள் எடுத்ததோ மழைக்கால மண்ணுக்குள் இருந்த கிழங்கு மட்டும். 

ஆக 'எதைவிட?' என்பதற்கு விடை, நெல்லின் மொத்தத்தைவிட. குறித்துக்கொண்டேன். அவ்வளவுதானே, எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

மத்தியானம் கடையில். (வீட்டின் முன்பக்கம்தான் கடை. டீ கொடுக்கப் போனால் எல்லாம் காதில் விழும்.) ஏலக்காய் வாங்க ஜோசப் அண்ணே வந்திருந்தார். பெரிய வியாபாரி, சிரிக்காமல் கேலி பேசுகிறவர். சரவணன் ஒரு சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பினான். 

"பாருங்கண்ணே. மேத்தோட்டத்துக் காயி. அம்புட்டும் போல்டு, பெருவெட்டு. எங்க மதினி கண்டுபுடிச்ச எதிர்ப்புச் செடி இருக்குற தோட்டம். நோயும் வராது, காயும் பெருசு. கீழ்த்தோட்டத்துச் செடியப் பூராம் மாத்தப் போறோம்."

ஜோசப் அண்ணே ஒரு காயை எடுத்து உருட்டினார். "எந்தச் சாக்குல அள்ளுன?"

"இந்தா, இதுலதான்."

"இது சலிச்ச சாக்குதான?"

"ஆமா."

"ஏப்பா, சல்லடையில தங்குனத மட்டும் கட்டுன சாக்கு. அதுல கைய விட்டா போல்டு வராம கொசு மாதிரி பொடிசா வரும்?"

கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். வேலைக்காரர்களும். சரவணன் விடவில்லை.

"இல்லண்ணே, மேத்தோட்டம்கிறதுனாலதான்—"

"சரி, கீழ்த்தோட்டத்துச் சாக்குல ஒரு பிடி அள்ளிக் கொண்டா."

அள்ளினான். அதே சல்லடை, அதே காய். பக்கத்தில் பரப்பினால் எது எந்தத் தோட்டம் என்று தெரியவில்லை. 

"இப்ப சொல்லு மாப்ளே, எதப் புடுங்கப் போற?"

நானும் டீத் தட்டோடு நின்று நன்றாகச் சிரித்தேன். உள்ளே வந்து தட்டை வைத்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நாங்களும் சலித்த சாக்கில்தானே கையை விட்டிருக்கிறோம்.

வியாழன், ஜூலை 10

காலை எழுந்ததும் நேரே மேசைக்கு. பல்லைக்கூட அப்புறம்தான் தேய்த்தேன். இட்லியை அவரே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டார். "என்ன, பரீட்சையா?" என்றார். 

நேற்றிலிருந்து மனசுக்குள் ஓடியது இது. மழைக்கால மண், சுற்றி எங்கும் பூஞ்சை. அந்த மண்ணுக்குள் கிடக்கிற கிழங்கில், அழுகியதோ நிற்பதோ, நோய் எதிர்ப்பு மரபணுக்கள் எல்லாமே விழித்துத்தான் இருக்கும். ஆக கிழங்கில் கண்டறியப்பட்ட எல்லா மரபணுக்களும் ஏற்கெனவே ஒரு சல்லடையில் தங்கியவை. அதில் எந்தப் பிடியை அள்ளி நெல்லின் மொத்தத்தோடு ஒப்பிட்டாலும் எதிர்ப்பு அதிகமாகத்தான் தெரியுமோ?

தெரியும் என்று நினைப்பது வேறு, பார்ப்பது வேறு. 

பார்த்தேன். கிழங்கில் கண்டறிந்த மொத்தத்திலிருந்து கண்ணை மூடிக் குலுக்கி, எங்கள் பட்டியல் அளவுக்கே ஒரு பட்டியல் எடுத்தேன். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. வெறும் குலுக்கல். பின்புலப் பெட்டி காலி. ஓட்டினேன்.

நோய் எதிர்ப்பு. உச்சியில்.

தப்பாக எதையோ அழுத்தினேன் என்று நினைத்து மறுபடி குலுக்கினேன். எதிர்ப்பு. மறுபடி. எதிர்ப்புதான், ஒரு தடவை மட்டும் இரண்டாவது இடம். 

பயப்பட வேண்டும். முதலில் வந்தது பயமில்லை. உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. இவ்வளவு அழகாக ஒரு இல்லாத பதில் வருமா! கலர் கலராக, வரிசையாக, வட்டம் வட்டமாக. யாருக்குச் சொல்வது? கடையில் அவர் போனில் இருந்தார். கொல்லையில் பூனை. பூனையிடம் சொன்னேன்.

பயம் சமைக்கும்போது வந்தது.

பிறகு சரியான பின்புலம், கிழங்கில் கண்டறிந்தவை மட்டும். எங்கள் உண்மையான பட்டியல். பல சோதனைத் திருத்தமும் போட்டு (நிறையப் பாதைகளைச் சோதித்தால் சில தற்செயலாகவே மேலே வரும், அதைக் கழிப்பது). நோய் எதிர்ப்பு எங்கோ நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. திருத்தத்துக்குப் பின் அது கணக்கிலேயே இல்லை. ஒன்றே ஒன்று மிஞ்சியது. செல்சுவரைக் கெட்டியாக்குகிற பாதை. அதுவும் நூலிழையில். 

செல்சுவர்! இதை யாரும் கவனிக்கவே இல்லை. பழைய படத்தில் கீழே எங்கோ கிடந்தது. நின்ற தூர்களின் கிழங்கு கெட்டியாக இருந்ததா? தொட்டுப் பார்த்தோமா? ஐஸில் போடுவதில்தான் எல்லாருக்கும் அவசரம்.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். சலித்த சாக்கு என்று ஆரம்பித்ததும் புரிந்துவிட்டது அவருக்கு. 

"அப்ப பேப்பரு போச்சா?"

"போகல. தலைப்பு போச்சு. தலைப்பு இல்லாட்டி அவங்க எடுப்பாங்களான்னு தெரியல."

"மத்தவங்க எல்லாம் சாக்கப் பத்திச் சொல்றாங்களா?"

"பெரும்பாலும் இல்ல."

"அப்ப நீ மட்டும் எதுக்கு வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிற?" என்றவர், மோருக்குக் கை நீட்டிக்கொண்டே, "சரவணன் கிட்டச் சொல்லிட்டியா?" என்றார்.

இல்லை. யாரிடமும் இல்லை.

வெள்ளி, ஜூலை 11

ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் ஓட்டவில்லை. தலைவலி. உளுந்து வாங்கியாயிற்று. கிளிப் மறந்தது.

சனி, ஜூலை 12

தோட்டத்துக்குப் போனேன். போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 

ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்பிலேயே. முன்னால் இடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்று பின்னால் பெண்களோடு. வளைவுக்கு வளைவு எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர். அடிவாரத்து முந்தலுக்கு மேலே ஏறியதும் குளிர். பாதி ஏற்றத்தில் மேகத்துக்குள் போய்விட்டோம். 

"யக்கா, நீக எதுக்கு இந்த மழையில? வீட்டுல சோலி இல்லையா?" ஒருத்தி.

"செடியப் பாக்க."

"செடி எங்கயும் ஓடிப் போயிராதுக்கா."

"ஏ, அவுக கம்ப்யூட்டர்ல செடி கூடப் பேசுறவுகடி," என்றாள் மாரியம்மா. மேல்தோட்டத்தில் வெகுகாலமாக வேலை பார்க்கிறவள். என்னைப் பார்த்து, "ஏ ஆத்தா, போன வருசம் செடிக்கு ரிப்பன் கட்டிவிட்டுப் போனீகளே, அப்படியே சடையும் பின்னிவிட்டுப் போயிருந்தா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்போம்ல?" 

ஜீப்பே குலுங்கியது. டிரைவரும் சேர்ந்து சிரித்ததில் எனக்குத்தான் உயிர் போனது.

தோட்டத்தில் இறங்கினால் ஈரம், இலைவாடை, அட்டை. சூப்பர்வைசர் மெட்டுக்கு அந்தப் பக்கத்து மலையாளி, "சேச்சி, பதுக்கெ, மெள்ள வாங்க, வழுக்கும்" என்று குடையை நீட்டினார். குடையைப் பிடிப்பதா மரத்தைப் பிடிப்பதா.

சிவப்பு நாடாச் செடிகள் ஒன்றும் இல்லை. அழுகியதைப் பிடுங்கிப் புதிது வைத்தாயிற்று. நீல நாடா வெளுத்துப்போய், ஆனால் செடி நன்றாக இருக்கிறது. தண்டு தண்டாகப் பச்சை. அடியில் காய்ச்சரம் ஓடியிருக்கிறது, பூவும் கொஞ்சம். இந்த மழையிலும் அழுகல் இல்லை.

அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. செடி நின்றது பொய்யில்லை. ஏன் நிற்கிறது என்று நாங்கள் சொன்னதுதான்...

உட்கார்ந்து மண்ணை விலக்கிக் கிழங்கை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பக்கத்தில் நாடா இல்லாத செடியையும். கெட்டியா? தெரியவில்லை. நகத்துக்கு என்ன தெரியும். ஆனால் அழுத்திப் பார்க்கத் தோன்றியதே, அதற்காக அந்தப் பின்புலப் பெட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும். அடுத்த முறை எப்படி எடுக்க வேண்டும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெட்டிப் பார்க்க வேண்டும், சாயம் ஏற்றிச் சுவரின் தடிமனை அளக்க வேண்டும்.

கீழ்த்தோட்டத்தில் குழிக்கு அடையாளக் குச்சி நட்டிருக்கிறார்கள். இன்னும் எதையும் பிடுங்கவில்லை. சரவணன் செவ்வாய்க்கிழமை ஆள் சொல்லியிருக்கிறானாம். 

வீட்டுக்கு வந்து காலைக் கழுவினால் கணுக்காலில் ஒரு அட்டை, என்னைவிட நன்றாகச் சாப்பிட்டுவிட்டு.

ம. போன் செய்தாள். பின்னால் பஸ் ஸ்டாண்டுச் சத்தம்.

"மெத்தட்ஸ் முடிச்சிட்டியாடி?"

"மல்லி, அந்தப் பின்புலம் பத்தி ஒண்ணு பேசணும்—"

"ஐயோ, நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும். எனக்குப் படிக்கக்கூட நேரமில்ல. நீ அனுப்புறத அப்படியே ஒட்டி ஏத்திருவேன். அந்த ரெண்டு புள்ளைகளும் தெனமும் என் மொகத்தையே பாக்குதுகடி. எனக்குத் தூக்கமே இல்ல."

பஸ் வந்துவிட்டது போல. வைத்துவிட்டாள்.

அப்படியே ஒட்டிவிடுவாள். என்னை அவ்வளவு நம்புகிறாள்.

ஞாயிறு, ஜூலை 13

காற்று குறைந்திருக்கிறது. மலை தெரிகிறது, கழுவிவிட்ட மாதிரி. மாடியில் துணி. (கிளிப் வாங்கியாயிற்று, இப்போது காற்று இல்லை.)

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, எல்லாரும் எழுதுகிற மாதிரி. கருவியின் பெயர், பி மதிப்பு. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இரண்டாவது, மதிப்பாய்வாளர் கேட்ட எல்லாம். கருவி, பதிப்பு, தரவுத்தளம், திருத்தம். பின்புலம்: நெல்லின் மொத்த மரபணுக்கள், கருவியின் இயல்பு அமைப்பு. முழுசாகச் சொல்லியாயிற்று. தெரிந்தவர் படித்தால் புரிந்துகொள்வார். தெரியாதவர் தாண்டிப் போவார். தலைப்பு அப்படியே நிற்கும். ம.வுக்குத் தூக்கம் வரும். என் பெயர் அச்சில் வரும்.

மூன்றாவது, இரண்டு பின்புலமும். இரண்டு படமும். குலுக்கிப் போட்டு எடுத்த பட்டியல்களும். செல்சுவர் நூலிழையில் நிற்பது. தலைப்பு மாற வேண்டும்.

இரண்டாவதில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் கும்பிட நினைத்த ஆள் எழுதின மாதிரியே. எதையும் விடவில்லை. ஏன் உறுத்துகிறது என்று புரியாமல் மூன்று தடவை படித்தேன். 

பிறகு தெரிந்தது. புதன்கிழமை இதை எழுதியிருந்தால் அது நேர்மை. வியாழக்கிழமை குலுக்கிப் பார்த்துவிட்டேன். இப்போது இதே வரிகளை எழுதினால் அது நேர்மையில்லை. வரி மாறவில்லை. எனக்குத் தெரிந்தது மாறிவிட்டது. முறைப் பகுதியில் இதற்கு இடமே கிடையாது, எழுதியவருக்கு அப்போது என்ன தெரியும் என்பதற்கு. எத்தனை கட்டுரைகளில் இப்படி ஒரு வியாழக்கிழமை இருந்திருக்கும்? யாருக்கும் இல்லாமலும் இருந்திருக்கலாம். படித்து எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, மூன்றாவதை மெயிலில் போட்டுவிடலாமா? அவள் படிக்காமல் ஒட்டுவாள். மேலே இருக்கிற தலைப்புக்கும் உள்ளே இருக்கிற முறைக்கும் சண்டை வரும், ஒட்டியவள் தலையில் விழும். அவள் நம்பிக்கையை வைத்தே அவளைக் கவிழ்ப்பது. அதுவும் முடியாது.

ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமை பாதிக் கதவு திறந்திருந்தது. பின்புலப் பெட்டி காலியாக இருந்தபோது வந்த இரண்டு படங்களைக் கலரில் எடுத்துவந்தேன். உண்மையான பட்டியல் ஒன்று, குலுக்கிய பட்டியல் ஒன்று. கடைப்பையன் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானக்கா, எதுக்கு ரெண்டு?" என்றான். 

மத்தியானம் சரவணன் வந்தான். ஜோசப் அண்ணே கேலி செய்ததிலிருந்து குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 

"மதினி, செவ்வாக்கெழம ஆளு சொல்லிருக்கேன். புடுங்கலாம்ல?"

"ஒரு வாரம் பொறுங்க தம்பி."

"எதுக்கு?"

"சாக்கு மாறிப்போச்சு."

முழித்தான். பிறகு என்ன நினைத்தானோ, "அந்த ஆளு கடைத்தெரு பூராம் சொல்லிச் சிரிச்சுட்டாரு மதினி" என்று தலையைச் சொறிந்தான். பாவமாக இருந்தது. "என்னப் பாத்தும்தான் சிரிக்கணும்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஆனால் குச்சிகளை அப்படியே விட்டு வைக்கிறேன் என்றான். இட்லிப் பொடி ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன்.

மாவு ஆட்டியாயிற்று. அவருக்கு இரண்டு வேளைக்குக் குழம்பு.

"நாளைக்கி மதுரைக்கு எதுக்கு?" என்றார். 

"மல்லிகாவப் பாக்க. ரொம்ப நாளாச்சு."

உண்மைதான். அந்தப் பதிலில் முறைப் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

முதல் பஸ். படங்கள் பையில். அவள் எதையும் ஒட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் மேசையில் வைப்பேன், எது நம் செடி என்று அவளையே கேட்பேன். அழுவாள். திட்டுவாள். இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். தலைப்பிலிருந்து 'எதிர்ப்பு' போக வேண்டும். போகாது என்றால் ஆசிரியர் வரிசையிலிருந்து என் பெயர் போகும்.